உம்மாவின் இத்தாவும் பின் வளவுக் கமராவும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டை வாடகைக்குக் கொடுத்திருப்பவர்களும், வாடகை வீட்டில் இருப்பவர்களும் கட்டாயம் வாசியுங்கள். யாரையும் கேவலப்படுத்த இதை எழுதவில்லை. அதனால் வீட்டுக்காரர் யார், எந்த ஊர் என்று கொமன்டில் கேட்க வேண்டாம். ஊகித்து எழுதவும் வேண்டாம். உம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறோம்.

எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வீட்டில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். சொந்த இடம் திருகோணமலை மாவட்டம். 2023 இல் இடமாற்றம் கிடைத்து அம்பாறை மாவட்டக் கரையோர ஊர் ஒன்றுக்கு வந்தோம். வீடு தேடி அலைந்து, கடைசியில் கட்டாரில் வேலை செய்யும் ஒரு காக்காவின் வீடு கிடைத்தது. தன் மகளுக்காக அவர் கட்டிய வீடு.

கிழக்கு மாகாண வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். பிள்ளை ஓ/எல் எடுக்கும் முன்பே வாப்பாமார் அத்திவாரம் போட்டுவிடுவார்கள். சிலர் அந்த ஒரு வீட்டுக்காகவே பதினைந்து, இருபது வருடங்களை வெளிநாட்டில் கழித்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்காரரின் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. கல்யாணம் வரை வீடு பூட்டிக் கிடக்காமல் வாடகைக்கு விட்டிருந்தார். உள்ளே டைல் பதிக்கவில்லை, உள் பாத்ரூம் வேலையும் முடியவில்லை. அதெல்லாம் மகளின் கல்யாணத்தோடு என்று சொன்னார். பின் வளவில் கிணறு, நாலு தென்னை, மதிலோரம் ஒரு டொய்லட். அவ்வளவுதான்.

எங்களுக்கு முன் இருந்தவர்கள் மூன்று மாதக் கரண்ட் பில்லைக் கட்டாமல், தண்ணி மோட்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். மோட்டர் இருந்த இடத்தின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இரண்டு கமரா பூட்டினாராம். ஒன்று கேட்டுக்கு மேல். மற்றது குசினிக் கூரையின் மூலையில், பின் வளவைப் பார்த்தபடி.

வீடு பார்க்கப் போன அன்றே இரண்டையும் கண்டோம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாடசாலைக்குக் கிட்ட வேறு வீடு இல்லை. கேட்டால் தரமாட்டார் என்ற பயம். எக்ரிமன்டில் வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில், தண்ணி பில், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வரை எல்லாம் இருந்தது. கமராவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கையெழுத்துப் போட்டோம். அது எங்கள் முதல் பிழை.

முதல் வாரமே எங்கள் ரௌட்டரின் பாஸ்வேர்டைக் கேட்டார். கமரா இரண்டும் எங்கள் இணைப்பில்தான் ஓடின. மாதாந்தம் நாங்கள் போடும் டேட்டாவில் ஒரு பங்கு, எங்களையே இன்னொருவருக்குக் காட்டப் போனது.

தொடக்கத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது.

"சேர், நேத்து பின்னேரம் ரெண்டு தேங்கா விழுந்திச்சே, எடுத்து வெச்சீங்களா?"

"டீச்சர், பின் லைட் விடிய விடிய எரிஞ்சிச்சு. பில் கூடும்."

அக்கறையான மனிசன் என்று பேசிக்கொண்டோம். பிறகு ஒரு நாள் எங்கள் சின்ன மகள், அப்போது ஆறு வயது, கிணற்றடியில் வாளியில் தண்ணீர் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். கூரையிலிருந்து ஒரு குரல்: "மகள், தண்ணிய வீணாக்கப்படா."

கமராவில் ஸ்பீக்கரும் இருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். பிள்ளை வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். அதன் பிறகு பின் கதவால் இறங்கும்போதெல்லாம் முதலில் கூரையைப் பார்ப்பாள். "மாமா பாக்கிறாரா?" என்று கேட்பாள்.

நாங்களும் மெல்ல மெல்ல மாறிப்போனோம். உடுப்புக் காயப்போடும் கொடியை விறாந்தைக்குள் கொண்டு வந்தோம். வீட்டுப் பெண்கள் பின் வளவுக்குப் போவதென்றால் அபாயாவும் ஸ்கார்ஃபும் போட்டுத்தான். யாராவது வந்தால், "இவர் யார் என்று கேட்பாரோ" என்ற நினைப்பு முன்கூட்டியே வரும். யாரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நாங்களாகச் செய்தோம்.

இனிமேல்தான் விஷயம்.

வாப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்துக்கு இரண்டு தடவை டயலிசிஸ். ஊரில் வைத்துப் பார்க்க ஆளில்லை. வாப்பாவையும் உம்மாவையும் எங்களோடு கூட்டிக்கொண்டு வந்தோம். (எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி. இங்கே உம்மா என்றே எழுதுகிறோம்.) ஊரில் அவர்கள் இருந்த வீட்டை ஒரு இளம் தம்பதிக்கு வாடகைக்குக் கொடுத்தோம். அந்த வாடகை, மருந்துக்கும் வாகனக் கூலிக்கும் உதவியாக இருந்தது. இந்த வீட்டைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 மே மாதம் வாப்பா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உம்மா இத்தா இருக்கத் தொடங்கினார். நாலு மாதமும் பத்து நாளும். கணவன் மௌத்தாகும்போது எந்த வீட்டில் குடியிருந்தாரோ, அந்த வீட்டில்தான். இத்தாவின் மஸ்அலாக்களை விவாதிக்க இந்தப் பதிவு இல்லை. அந்நிய ஆண்களின் பார்வையில் படாமல் இருப்பதில் எங்கள் உம்மா மிகவும் பேணுதல். அவ்வளவு தெரிந்தால் போதும்.

வீட்டிலோ உள் பாத்ரூம் இல்லை.

மூன்றாவது கிழமை உம்மாவுக்குக் காய்ச்சல். அடிவயிற்றில் வலி. லேடி டொக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். சிறுநீரில் கிருமி என்றார். "உம்மா தண்ணி குடிக்கிறது குறைவா?" என்று கேட்டார். உம்மா பதில் சொல்லவில்லை. சபூராக் கவலையில் சாப்பாடு தண்ணீர் குறைந்திருக்கும் என்று நாங்களாக நினைத்தோம்.

இரவுதான் சொன்னார். "பகல்ல பின்னுக்குப் போக ஏலா. அது பாத்துக்கிட்டே இரிக்கி. தண்ணி குடிச்சாத் தானே போகோணும்."

"ராவைக்குப் போகலாமே உம்மா" என்றோம்.

"ராவைக்கும் சிவப்பு சிவப்பா எரியுதே."

இருட்டில் பார்ப்பதற்காகக் கமராவைச் சுற்றியிருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் அவை. எங்களுக்கு அது ஒரு மெஷின். உம்மாவுக்கு அது ஒரு ஆள். யோசித்துப் பார்த்தால் உம்மா சொன்னதுதான் சரி. அதன் மறுமுனையில் உண்மையிலேயே ஆள் இருந்தது.

அன்றிரவே ஏணி வைத்து ஒரு ஷொப்பிங் பேக்கைக் கமராவில் கட்டினோம். பத்து நிமிடம் போகவில்லை, கட்டாரிலிருந்து கோல்.

"சேர், பின் கமரா கறுப்பா இரிக்கி. என்ன நடந்த?"

விஷயத்தைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. மனம் நொந்துபோனார். "உங்கட உம்மா எனக்கும் உம்மா மாதிரித்தானே. நான் அப்படிப் பாக்கிற ஆளா சேர்? என்ட புள்ளைக்குக் கட்டின வீடு. பதினெட்டு வருஷ உழைப்பு. அது பத்திரமா இரிக்கான்னு பாக்கத்தான் போட்ட."

அவர் அப்படிப் பார்க்கிற ஆள் இல்லை. இன்றும் அதைச் சத்தியமாகச் சொல்வோம். ஆனால் அந்தப் பேச்சில்தான் இன்னொன்று வெளியே வந்தது. "நான் டியூட்டில இரிக்கக்க பாக்க ஏலாதே. மச்சான்ட போன்லயும் போட்டிரிக்கன். அவருக்கு அவ்வளவு வெளங்காது, அவர்ட மகன்தான் பாப்பான்."

மூன்று போன். ஒன்று பத்தொன்பது வயதுப் பையனுடையது. பத்து மாதமாக எங்கள் பின் வளவு அந்த மூன்று போனிலும் இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. அந்தப் பையனும் நல்ல பிள்ளைதான், பள்ளியில் காண்கிறோம். ஆனால் யார் நல்லவர் என்பதல்லவே இங்கே கேள்வி. யார் பார்க்கிறார் என்றே தெரியாமல் ஒரு குடும்பம் குளித்து, துவைத்து, வாழ்ந்திருக்கிறது.

ஒரு கிழமை தாங்க, யோசித்துச் சொல்கிறேன் என்றார். பேக்கைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்களின் தைரியம் அவ்வளவுதான். வருட நடுவில் இறக்கிவிட்டால் எங்கே போவது? இத்தாவில் இருக்கும் உம்மாவை எங்கே கொண்டுபோவது? மூன்று பழைய சாரனைச் சேர்த்துத் தைத்து, பின் கதவிலிருந்து டொய்லட் வரை கயிற்றில் மறைப்புக் கட்டினோம். காற்றுக்கு அது நிற்கவில்லை.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு உம்மா கேட்டார்:

"நம்மட வீட்டுலயும் இதத்தானே பூட்டி வெச்சிரிக்கம்? அந்தப் புள்ளைக்கும் இப்படித்தானே இரிக்கும்?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆம். ஊர் வீட்டை வாடகைக்குக் கொடுத்தபோது நாங்களும் கமரா பூட்டினோம். அதுவும் பின் வளவைப் பார்த்துத்தான். தேங்காய் களவு போகிறது என்பது எங்கள் காரணம். தம்பதியிடம் சொன்னோம், கேட்கவில்லை. "கமரா இருக்கு, உங்களுக்கும் பாதுகாப்புத்தானே" என்றோம். அவர்கள் தலையாட்டினார்கள். இரவில் சாப்பிட்ட பிறகு போனை எடுத்து ஊர் வீட்டைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. தேங்காயைப் பார்க்கத்தான் திறப்போம். ஆனால் கண் தேங்காயில் நிற்குமா? நிற்பாட்டியிருந்த த்ரீவீல் யாருடையது என்று ஒரு தடவை கோல் எடுத்தே கேட்டிருக்கிறோம். அந்தப் பெண்ணின் வாப்பா பார்க்க வந்திருந்தாராம்.

எங்களைப் பற்றிக் கட்டார் காக்கா நினைத்ததைத்தான் அவர்களைப் பற்றி நாங்களும் நினைத்திருந்தோம். நம்மட வீடு, நாம் பார்க்கிறோம், இதில் என்ன?

அன்று அந்தப் பிள்ளைக்குக் கோல் எடுத்து, பின் கமரா கஷ்டமாக இருக்கிறதா என்று நேராகவே கேட்டோம். "இல்ல டீச்சர், பழகிட்டம்" என்றாள். கொஞ்சம் பேசவிட்ட பிறகுதான் சொன்னாள், பின் கதவைத் திறப்பதே இல்லையாம். வந்து எட்டு மாதம். துவைத்த உடுப்பை அறைக்குள் காயப்போடுகிறாளாம்.

மன்னிப்புக் கேட்டோம். அன்றே அந்தக் கமராவின் இணைப்பைத் துண்டித்து, அடுத்த ஜும்ஆவுக்கு முன் ஆளனுப்பிக் கழற்றினோம். பிறகு கட்டாருக்கு எடுத்து, காக்காவிடம் நடந்ததைச் சொன்னோம். "நாங்களும் இதே பிழையைச் செய்திருக்கிறோம் காக்கா. உங்கள் மேல் குற்றம் சொல்ல எடுக்கவில்லை" என்றோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி சேர், பாப்பம்" என்று வைத்துவிட்டார். அன்று அஸருக்குப் பிறகு ஒரு வொய்ஸ் வந்தது. மச்சான் ஏணியோடு வருகிறார், நீங்கள் சொல்கிற பக்கத்துக்குத் திருப்பிக் கொள்ளுங்கள் என்று. அவருடைய மனைவியும் ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தார். அது உம்மாவுக்கு. அதை நாங்கள் கேட்கவில்லை.

இப்போது பின் வளவில் கமரா இல்லை. அதைக் கழற்றி முன் பக்கம், மோட்டர் இருக்கும் மூலைக்கு மாற்றியாயிற்று. உம்மா மிச்ச நாட்களில் கிணற்றடியில் வெயில் காய்ந்தார். இத்தா முடிந்தும் பல மாதமாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

இனி, ஆசிரியர்கள் என்பதால் கொஞ்சம் பாடமும் எடுக்கத்தான் செய்வோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு யாருடையது? மார்க்கத்தில் வாடகை என்பது இஜாரா. சொத்து சொந்தக்காரரிடமே இருக்கும். அதைப் பயன்படுத்தும் உரிமை, வாடகைக் காலம் முடியும் வரை குடியிருப்பவரிடம் போய்விடும். ஸூரா அந்நூர் 27 ஆம் வசனம் அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்கிறது. அதே ஸூராவின் 58 ஆம் வசனம், வீட்டுக்குள்ளேயே இருக்கும் சின்னப் பிள்ளைகள்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது: பஜ்ருக்கு முன், உடைகளைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் நண்பகல், இஷாவுக்குப் பின். நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குள் துவாரம் வழியாக எட்டிப் பார்த்த ஒருவரைப் பற்றிய ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டதே பார்வையை முன்னிட்டுத்தான் என்ற கருத்து அதில் வருகிறது. கால் உள்ளே வரவில்லை, கண்தானே வந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. கமரா வெறும் கண்.

நாட்டுச் சட்டம்? எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை என்று தனியாகச் சொல்லப்பட்ட ஓர் உரிமை இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு தனிநபர் முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்கு அது பொருந்தாது. வாடகை வாங்கும் வீட்டைப் பார்ப்பது 'வீட்டுத் தேவை'யா? அது வக்கீல்மார் வாதாட வேண்டிய கேள்வி. ஐரோப்பாவில் 2014 இல் இதைப் போன்ற ஒரு வழக்கு வந்தது. தன் வீட்டைப் பாதுகாக்கப் பூட்டிய கமரா பொதுத் தெருவையும் பதிவு செய்தால், அது வெறும் வீட்டு விஷயம் அல்ல என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது.

நாள் வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனம் 2024 ஏப்ரல் 30 முதல் உலகம் முழுவதும் வீட்டுக்குள் கமரா வைப்பதைத் தடை செய்துவிட்டது. வெளியே வைக்கலாம், ஆனால் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூடிய வெளிக் குளியலறை போன்ற இடங்களை அது பார்க்கக் கூடாது. இரண்டு நாள் தங்க வரும் சுற்றுலாப் பயணிக்கு இருக்கும் அந்த மறைவு, இரண்டு வருடம் குடியிருக்கும் எங்கள் குடும்பங்களுக்கு இருக்கக் கூடாதா?

வீட்டுக்காரரின் பயத்தையும் நாங்கள் மறுக்கவில்லை. மோட்டர் களவு போனது உண்மை. வெளிநாட்டில் இருப்பவருக்கு வீட்டைப் பார்க்க வேறு வழி குறைவு. அதனால்தான் வழியைச் சொல்கிறோம்.

வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு:

1. கேட், முன் மதில், மோட்டர், மீற்றர். கமரா அதோடு நிற்கட்டும். கிணற்றடி, குளியலறை, கொடி, ஜன்னல், வீட்டின் உட்பக்கம், எதுவும் படத்தில் வரக் கூடாது. திருப்ப முடியாவிட்டால், படத்தின் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கறுப்பாக்கும் வசதி பல கமராக்களின் செட்டிங்கில் இருக்கிறது. அதைப் போட்டு, குடியிருப்பவருக்குக் காட்டுங்கள்.

2. ஒலிப்பதிவையும் ஸ்பீக்கரையும் நிறுத்திவிடுங்கள். களவைப் பிடிக்க வீட்டாரின் பேச்சுத் தேவையில்லை.

3. யார் யாருடைய போனில் இருக்கிறது என்று சொல்லுங்கள். 'ஷெயர்' கொடுத்தவர்களின் பட்டியல் செயலியிலேயே இருக்கும். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016 இல் மிராய் என்ற தீம்பொருள், அப்படி மாற்றாமல் விட்ட ஏராளமான கமராக்களுக்குள்தான் புகுந்தது.

4. பின் வளவைப் பற்றிப் பயமா? வீடு கொடுக்கும் அன்று மோட்டர், பல்ப், கதவு எல்லாவற்றையும் இரு தரப்பும் சேர்ந்து படமெடுத்து, பட்டியல் எழுதிக் கையெழுத்து வையுங்கள். அட்வான்ஸ் காசு இருப்பதே அதற்குத்தான்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு:

1. கமராவைக் கண்டால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். எங்களைப் போல் வாய்மூடி இருந்துவிட்டுப் பத்து மாதம் கழித்து ஏணி தேடாதீர்கள்.

2. எத்தனை கமரா, எங்கே, எதைப் பார்க்கிறது, யார் பார்க்கிறார், பதிவு எத்தனை நாள் இருக்கும். ஐந்தும் எக்ரிமன்டில் வரட்டும். நொத்தாரிசு எழுதமாட்டேன் என்று சொல்லமாட்டார்.

3. உங்கள் ரௌட்டரில் அடுத்தவர் கமராவை இணைக்க வேண்டாம்.

4. வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் 'பழகிட்டம்' என்று சொன்னால், திரும்பவும் கேளுங்கள்.

வீட்டுக்காரக் காக்காவோடு இன்றும் நல்ல உறவுதான். போன மாதம் லீவில் வந்திருந்தார். கேட்டில் நின்று ஸலாம் சொல்லி, நாங்கள் வரச் சொன்ன பிறகுதான் உள்ளே வந்தார், தன் சொந்த வீட்டுக்குள். தென்னையடியில் விழுந்து கிடந்த தேங்காய்களில் பாதியை எங்களுக்கென்று விட்டுப் போனார். எங்கள் மகள் இன்னும் சில நேரம் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் வளவுக்கு இறங்குகிறாள். அது மாற நாளெடுக்கும் போல.

தேவையானவர்களுக்குப் பகிர்ந்துவிடுங்கள். எங்கள் வாப்பாவின் மஃபிரத்துக்காக ஒரு துஆவும் செய்துகொள்ளுங்கள்.